ஆறாவது நிலை

உட்காருங்கள் தம்பி, பக்கத்து சீட் காலிதான். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியும். மூன்று நாளாக மில் கேட்டில் நின்றுகொண்டிருந்தீர்கள், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நாகஜோதியின் அண்ணன். நெற்றியும் மூக்கும் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு, முதுகுக்குக் கரண்ட் வைக்க இந்த பஸ்ஸில்தான் திண்டுக்கல் போவேன் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரென்று கேட்க மாட்டேன். சொன்ன பிள்ளை நல்லா இருக்கட்டும்.

உங்கள் கேள்வி ஒன்றுதான். அன்றைக்குக் காலையில் உங்கள் தங்கச்சி யோகாவுக்கு வந்தாளா இல்லையா. மில்லில் எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், வரவில்லை, ஹாஸ்டல் அறையில் மயங்கி விழுந்தாள் என்று. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணைக்கு எடுப்பார்கள். போடாவிட்டால் மூடிவிடுவார்கள். அவ்வளவுதானே. திண்டுக்கல் போய்ச்சேர முக்கால் மணி நேரம் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் என் போக்கில் சொல்ல விடுங்கள். நடுவில் கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை அறுந்துபோகும்.

முதலில் ஒன்று. சூரிய நமஸ்காரத்தின் மேல் பழி போடக் கூடாது. நான் முப்பத்தோரு வருஷம் செய்தவன், அதைப்பற்றி எனக்குத் தெரியும். ரத்த ஓட்டத்துக்கு நல்லது, ஜீரணத்துக்கு நல்லது. முதுகுத்தண்டு, மாதவிலக்குக் கோளாறு, மன அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றுக்கும் நல்லது. பழனியில் நான் வகுப்பு நடத்தும்போது அடித்த நோட்டீஸில் பதினாறு பயன் போட்டிருந்தேன். அதில் ஒன்று பொய் என்று இன்றுவரை யாரும் வந்து சொன்னதில்லை. என் முதுகு போனது வேறு விஷயம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இப்போது குனிய முடியாது, மேடையில் நின்று எண்ணுவேன். இரண்டு வருஷமாக எண்ணிக்கை மட்டும்தான். அதனால் என்ன, எண்ணிக்கை சரியாக இருந்தால் செய்கிறவர்கள் சரியாகச் செய்வார்கள்.

மில்லுக்கு என்னைக் கூப்பிட்டது மேனேஜர் தனசேகர் சார். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து, பெண்களுக்கு என்ன வசதி செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். ஹாஸ்டல் காட்டினார்கள், மெஸ் காட்டினார்கள், டிவி காட்டினார்கள். இன்னும் ஏதாவது வேண்டியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு அறை, மூன்று வேளைச் சாப்பாடு. அறுபது வயதில் அதுவே பெரிது தம்பி. எனக்கென்று யாரும் இல்லை.

சூரிய நமஸ்காரம் சூரியன் வருகிற நேரத்தில்தான் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் யார் கையில் வேலை இல்லை? பகல் ஷிப்ட் பிள்ளைகள் ஆறு மணிக்கு மிஷினில் ஏறிவிடுவார்கள். ராத்திரி பத்து மணி வரை அரை நைட் பார்த்த பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களை எழுப்பினால் வார்டன் சண்டைக்கு வருவார். மிச்சம் யார்? முழு நைட் முடித்து இறங்குகிற பிள்ளைகள். தொண்ணூறு பேர். ராத்திரி பத்துக்கு ஏறி, எட்டு மணி நேரம் நின்று, நடந்து, அறுந்த நூலை முடிந்து முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு ஆறு மணிக்கு வெளியே வரும். வந்ததும் நேராக மைதானம். யோகா முடிந்தால்தான் மெஸ் கதவு திறக்கும். அது தனசேகர் சார் போட்ட ஏற்பாடு, நான் போட்டதில்லை. இல்லாவிட்டால் ஒருத்தியும் வர மாட்டாள் என்றார். அதில் தப்புச் சொல்ல முடியுமா.

நானும் முதல் மாதம் ஒழுங்காகத்தான் நடத்தினேன். பன்னிரண்டு நிலை, பன்னிரண்டு சுற்று. கை கூப்பு, மேலே தூக்கு, குனி, வலது கால் பின்னால். அதுபாட்டுக்குப் போகும். ஆறாவது நிலையில் நெற்றி, மார்பு, கை, முட்டி, பாதம் எல்லாம் தரையில் படவேண்டும். இடுப்பை மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நாள் ஏழு என்று சொல்கிறேன், கடைசி வரிசையில் ஒரு பிள்ளை எழவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். கன்னம் மண்ணில், வாய் திறந்திருக்கிறது, எச்சில் ஒழுகுகிறது. நல்ல தூக்கம். அந்தத் தூக்கத்தைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை தம்பி. அது என் சுபாவம். நான் யாரையும் கை நீட்டி அடித்தவனில்லை, ஒரு சொல் கடிந்து பேசியவனில்லை.

அடுத்த நாள் ஆறாவது நிலையில் கொஞ்சம் நிறுத்தினேன். மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். ஒரு நிமிஷத்தில் மைதானமே அடங்கிவிட்டது. தொண்ணூறு பேரும் தூக்கம். இடுப்பைத் தூக்குகிற பேச்சே கிடையாது, தரையோடு தரையாகக் கிடந்தார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு சுற்று வேகமாகச் செய்வது, மூன்றாவது சுற்றில் ஆறாவது நிலையில் பத்து நிமிஷம். பிறகு எழுப்பி இன்னும் இரண்டு சுற்று. வாய்விட்டு யாரும் எதுவும் பேசிக்கொண்டதில்லை. பிள்ளைகள் மட்டும் வரும்போதே, மாஸ்டர், இன்னைக்கி ஆறாவது நல்லா நீளமா வேணும் என்பார்கள். ஒரு குறும்புக்காரி, எங்க ஊரு சாமியெல்லாம் நின்னுக்கிட்டே வரம் குடுக்கும், எங்க மாஸ்டரு படுக்கப் போட்டுக் குடுப்பாரு என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். அது உங்கள் தங்கச்சிதான். வேறு யாருக்கு அந்த வாய் வரும்.

தனசேகர் சாரின் அறை மாடியில். ஜன்னலிலிருந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பெண்கள் அசையாமல் படுத்திருப்பது தெரியும். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பட்டாளம் மாதிரி இருக்கு மாஸ்டர் என்பார். யோகா ஆரம்பித்த பிறகு நூல் அறுகிறது குறைந்திருக்கிறது, விபத்துக் குறைந்திருக்கிறது என்று கூட்டத்தில் பேசினார். எனக்கு ஒரு சால்வை. கம்பெனி பார்க்க வந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தர், இவ்வளவு அமைதியை எங்கேயும் பார்த்ததில்லை என்று கண் கலங்கிவிட்டார். அவர் எடுத்த போட்டோவைப் பெரிதாகப் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன். நாகஜோதி மூன்றாவது வரிசையில் இருக்கிறாள், முகம் தெரியாது, பின்னல் தெரியும்.

அது தூக்கம் என்று மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். பாருங்கள், கேள்வி கேட்க வேண்டாம் என்றேன். சொல்லியிருந்தால் என்ன ஆகும்? இந்தப் பிள்ளைகளுக்கு யோகா வேண்டாம், தூக்கம்தான் வேண்டும் என்று நான் போய்ச் சொன்னால், சரி மாஸ்டர் நீங்கள் கிளம்புங்கள் என்பார்கள். எனக்குப் பதில் ஒரு சின்ன வயதுக்காரன் வருவான், பன்னிரண்டு சுற்றையும் செய்ய வைப்பான். நான் இருந்ததால் அந்தப் பத்து நிமிஷமாவது கிடைத்தது. மூன்று வருஷம் கொடுத்திருக்கிறேன். வேறு யார் கொடுத்தார்கள்?

தண்ணீர் குடியுங்கள். பாட்டில் புதுசுதான்.

உங்கள் தங்கச்சிக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள். சேரும்போது கொடுத்த பாரத்தில் நோய் எதுவும் இல்லை என்று எழுதச் சொன்னது நீங்கள்தானாம், அவளே சொன்னாள். சர்க்கரை என்று எழுதினால் வேலை கிடையாது என்பதும் உண்மைதான். நான் குறை சொல்லவில்லை. நீங்களும் மறைத்தீர்கள், நானும் மறைத்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். வார்டன் எஸ்தர் அம்மாவுக்கும் தெரியும். ஊசி மருந்து அவர் அறை பிரிட்ஜில்தான் இருக்கும். அவர் ஆறேகாலுக்கு அறையைப் பூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய்விடுவார், காலைச் சாப்பாட்டை அவர்தான் பார்க்க வேண்டும். அதனால் இவள் ஷிப்ட் முடிந்த கையோடு ஓடிப்போய் ஊசியைப் போட்டுக்கொண்டு, அப்புறம் மைதானத்துக்கு வருவாள். ஊசி போட்டால் அரை மணியில் சாப்பிட வேண்டுமாம், இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுமாம். எனக்கு அது அப்போது தெரியாது. ஊசி மருந்தைப்பற்றி யோகாசனப் புத்தகத்தில் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு தடவை வந்து கேட்டாள். சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். "மாஸ்டர், எனக்குச் சுகர் இருக்கு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. ரெண்டு பிஸ்கட்டு தின்னுட்டு வந்து செய்யவா?" என்றாள்.

நான் என்ன சொல்வேன் தம்பி. வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்பது முதல் விதி. வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் புரட்டிக்கொண்டு வரும். அதைச் சொன்னேன். நல்ல வார்த்தையும் சொன்னேன். "பயப்படாதம்மா, இதைச் செய்யச் செய்யச் சுகர் தானா இறங்கும்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பிஸ்கட் பாக்கெட்டைத் தாவணி முந்தியில் முடிந்துகொண்டு போனாள்.

இறங்கத்தான் செய்தது. நான் பொய் சொல்லவில்லை. நோட்டீஸிலும் அது இருந்தது.

அன்றைக்கு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் ஆள் குறைச்சல் என்று சிலரை இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், அதில் அவளும் ஒருத்தி. அதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. வந்தாள். ஆமாம், வந்தாள். உங்களுக்கு வேண்டியது அதுதானே. மூன்றாவது வரிசை, இடமிருந்து நான்காவது. வரும்போது பேச்சில்லை, சிரிப்பில்லை. கை கொஞ்சம் ஆடியது. களைப்பு என்று நினைத்தேன். அங்கே யாருக்குத்தான் களைப்பில்லை. இரண்டு சுற்று செய்தாள். மூன்றாவது சுற்றில் எல்லோரோடும் படுத்தாள். பத்து நிமிஷம் விட்டேன். ஏழு என்றேன். எல்லோரும் எழுந்தார்கள், இவள் எழவில்லை.

பக்கத்தில் பார்வதி. இவளுடைய அறைக்காரப் பிள்ளை. அவள் குனிந்து தோளைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மாஸ்டர், ஜோதி எந்திரிக்க மாட்டேங்குறா" என்றாள்.

"விடும்மா. தூங்கட்டும், பாவம்" என்றேன்.

இந்த வார்த்தைதான். இதைத்தான் நான் சொன்னேன். நல்லெண்ணத்தில் சொன்னது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மிச்சம் இரண்டு சுற்றையும் முடித்தோம். பிள்ளைகள் மெஸ்ஸுக்குப் போயின. பார்வதி மட்டும் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவளை அனுப்பினேன். நீ போய்ச் சாப்பிடு, இட்லி தீர்ந்துவிடும், அவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதுகெல்லாம் வேர்வை, சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நன்றாகச் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். குறட்டை மாதிரி ஒரு சத்தம். ஆழ்ந்த தூக்கம், இரண்டு ஷிப்ட் பார்த்த உடம்பு என்று நினைத்தேன். ஒரு நாய் வந்தது, விரட்டினேன். வெயில் ஏறி அவள் கன்னத்தில் அடித்தது. என் நிழல் அவள் முகத்தில் விழுகிற மாதிரி நகர்ந்து நின்றேன். அப்படியே நின்றேன் தம்பி, முதுகு வலியோடு. அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்திருந்தது. இந்த ஒரு பிள்ளையாவது இன்றைக்கு அரை மணி நேரம் முழுசாகத் தூங்குகிறதே என்று இருந்தது.

எஸ்தர் அம்மா மெஸ்ஸிலிருந்து வந்து புரட்டிப் பார்த்தார். கண் பாதி திறந்திருந்தது. அப்புறம் உங்களுக்குத் தெரியும். மில் வேன், வேடசந்தூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை.

மதுரையில் டாக்டர், எத்தனை நேரமாக மயக்கம் என்று கேட்டாராம். இப்போதுதான் என்று எஸ்தர் அம்மா சொல்லியிருக்கிறார். அவர் வேறென்ன சொல்வார், அவர் பார்த்தது இப்போதுதானே. பன்னிரண்டு நாளாகிறது. கண் திறக்கிறாள், ஆனால் ஆள் தெரியவில்லை என்று பார்வதி சொன்னாள். உங்களையும் தெரியவில்லையா? சரி. சரி, சொல்ல வேண்டாம்.

அன்று மத்தியானமே தனசேகர் சார் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, காபி கொடுத்தார். வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நோயை மறைத்துச் சேர்ந்த பெண், அவள் விஷயத்தில் தலையிட்டால் யோகாவையே நிறுத்த வேண்டிவரும், உங்களையும் அனுப்ப வேண்டிவரும் என்று பொதுவாகச் சொன்னார். நான் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வெள்ளை மை தடவி, வரவில்லை என்று எழுதினேன். அவர் எழுதச் சொல்லவில்லை. சொல்லாமலே நானாகத்தான் எழுதினேன். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஏன் என்று கேட்டால், அந்தத் தொண்ணூறு பேருக்காகத்தான். நான் உண்மையை எழுதினால் விசாரணை வரும். எதற்காகப் பத்து நிமிஷம் படுக்க வைத்தாய் என்று கேட்பார்கள். அது தூக்கம் என்று மேலே தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தப் பத்து நிமிஷமும் போய்விடும். உங்கள் தங்கச்சி ஒருத்திக்காக மற்றப் பிள்ளைகளின் தூக்கத்தைப் பிடுங்கச் சொல்கிறீர்களா? பதினைந்து நாளாக நான் ராத்திரி பகலாக யோசித்தது இதைத்தான். பதினைந்தில்லை, பன்னிரண்டு.

என்ன கேட்டீர்கள்? வண்டிச் சத்தத்தில் விழவில்லை.

இப்போதும் படுக்க விடுகிறேனா என்றா.

இல்லை. இப்போது விடுவதில்லை. விட முடியவில்லை தம்பி. ஆறு என்று சொன்ன உடனே ஏழு என்று சொல்லிவிடுகிறேன். வாய் தானாகச் சொல்கிறது. எவளாவது ஒருத்தி எழ ஒரு விநாடி தாமதமானால் மேடையை விட்டு இறங்கி ஓடுகிறேன். எல்லோரும் எழுந்ததைப் பார்த்தால்தான் எட்டு வருகிறது. பன்னிரண்டு சுற்றும் முழுசாக நடக்கிறது. பிள்ளைகள் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நேற்று ஒருத்தி கடைசிச் சுற்றில் நின்றுகொண்டே கண்ணை மூடிச் சாய்ந்தாள், பக்கத்தில் நின்றவள் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் சொன்னது எனக்கே கேட்டது.

அந்தா, பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கட்டும், எனக்குப் படிக்கட்டு மெதுவாகத்தான் வரும். கையைக் கொடுங்கள். அந்த வளையல் கடை ஓரத்தில் பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்காரலாம். கரண்ட் வைக்க அப்புறம் போய்க்கொள்கிறேன்.

காகிதத்தை எடுங்கள். நீங்களே எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்களா? பரவாயில்லை, நல்ல கையெழுத்து. இந்த இடத்தை மாற்ற வேண்டும். "வகுப்பின்போது மயங்கி விழுந்தாள், ஆசிரியர் கவனிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கவனிக்கவில்லை என்பதை அடியுங்கள். ஆறு நாற்பதிலிருந்து ஏழேகால் வரை தரையில் கிடந்தாள், ஆசிரியர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதுங்கள். ஜோதி எழவில்லை என்று பார்வதி சொன்னதையும் எழுதுங்கள், நான் சொன்ன பதிலையும் எழுதுங்கள். சாப்பிட்டுவிட்டு வரட்டுமா என்று உங்கள் தங்கச்சி முன்பே கேட்டதை எழுதுங்கள். பதிவேட்டில் வெள்ளை தடவினதும் வரட்டும். மெஸ் கதவு எப்போது திறக்கும், முழு நைட் எத்தனை மணிக்கு இறங்கும், அதெல்லாம் அதிகாரிக்குத் தெரிய வேண்டும். விட்டுவிடாதீர்கள்.

நாளைக்குப் பத்து மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்துக்கா? வருகிறேன். லீவு கேட்டால் எதற்கென்று கேட்பார்கள். கேட்காமலே வந்துவிடுகிறேன்.

இங்கேதானே போட வேண்டும்? என்ன இது, கீழே யோகா ஆசிரியர் என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள் தம்பி. திருவேங்கடம் என்று பெயர் மட்டும் இருக்கட்டும்.